எழுதி அழித்த எழுத்து

டோக்கியோவில் ஒரு தந்தை தன் மகனுக்குத் தியானம் பழக்கினார். தூரிகையால் ஒரு தாளில் ஒரே ஓர் எழுத்தை எழுதி அவன் முன்னால் வைப்பார். ஜப்பானியர் 'கோகோரோ' என்று படிக்கும் எழுத்து அது. நான்கே கோடுகள். மனம், நெஞ்சம், உள்ளம் என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அதற்குள் அடங்கும். பையன் வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழகியதும் தாளை எடுத்துவிடுவார். தாளில் இருந்ததை விடு, உன் மனத்தில் பதிந்திருக்கிற எழுத்தைப் பார் என்பது அடுத்த பாடம். பிறகு அந்த எழுத்தையும் அழி, அதற்குப் பின்னால் உயிரோடு இருக்கும் மனத்தைப் பார் என்பார். கடைசியில் அந்த மனத்தையும் பார்க்காதே, எதுவுமில்லாமல் கரைந்து போ என்பார்.

ஜென் பயிற்சியில் ஊறிய அந்தத் தந்தை இன்னொரு கட்டுப்பாடும் விதித்திருந்தார். அமர்ந்து பெற்றதைப் பற்றி அறிவால் ஆராயக் கூடாது. சிந்தனை புகுந்த இடத்தில் அனுபவம் கெட்டுவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

அந்தப் பையன் தோஷிஹிக்கோ இஸுட்ஸு. 1914-இல் பிறந்து 1993-இல் மறைந்தவர். ஜப்பானில் குர்ஆனை அரபு மூலத்திலிருந்து முதன்முதலாக மொழிபெயர்த்தவர். சூஃபி ஞானி இப்னு அரபியையும் சீனத்துத் தாவோ ஞானி லாவோ ட்சுவையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர், தெஹ்ரானில் பாரசீக மெய்யியலாளர்களோடு அமர்ந்து பாடம் படித்தவர், சங்கரரின் மாயையைப் பற்றியும் எழுதியவர். சமய ஒப்பாய்வு என்ற துறையில் இருபதாம் நூற்றாண்டு கண்ட பெரிய மனிதர்களில் ஒருவர். தமிழில் அவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பதில் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. சமயங்களை ஒப்பிடுவது என்றால் நமக்குச் சட்டென்று கைவருவது ஒருவகை இணக்கப் பேச்சு. எல்லா ஆறும் ஒரே கடலில்தான் கலக்கிறது என்று சொல்லி, மூன்று மேற்கோளை அடுக்கி, கைகூப்பி முடித்துவிடுகிறோம். அந்தப் பேச்சின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் எந்த ஆற்றின் தண்ணீரையும் யாரும் அள்ளிக் குடித்துப் பார்ப்பதில்லை. இஸுட்ஸு அள்ளிக் குடித்தார். ஒரு சமயத்தின் உள்ளே போக ஒரே வழிதான் உண்டு, அதன் மையச் சொற்களை அதன் சொந்த மொழியில் ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் அந்த வழி என்று அறுபது ஆண்டுக்காலம் நடந்து காட்டினார். தந்தை அழிக்கச் சொன்ன எழுத்தை, மகன் அழிப்பதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தந்தையின் தடையை உடைத்தது கிரேக்கம். கெய்யோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தவர், கவிஞர் ஜுன்சாபுரோ நிஷிவாகி பேராசிரியராக இருந்த ஆங்கில இலக்கியத் துறைக்கு மாறினார். ஹீப்ரு, அரபு, கிரேக்கம் என்று மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிளேட்டோவையும் பிளோட்டினஸையும் மூலத்தில் படித்தபோது அவருக்கு அதிர்ச்சி. சிந்தனைக்கு அப்பால் கொண்டுபோகும் அனுபவத்திலிருந்தே அவர்களுடைய சிந்தனை ஊற்றெடுத்திருந்தது. அனுபவமும் ஆராய்ச்சியும் பகையாளிகள் என்று வீட்டில் கற்றவருக்கு இது விடுதலை. போர் முடிந்த வறுமையில், காசநோயால் இரத்தம் கக்கிக்கொண்டே அந்தக் கண்டுபிடிப்பை எழுதினார். 1949-இல் 'மறைஞான மெய்யியல்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வந்தது. தாளில் எழுதிய அந்த எழுத்தின் கதையை அவர் சொல்வது இந்த நூலின் முன்னுரையில்தான்.

அரபு வந்த கதை இன்னும் சுவையானது. 1930-களின் இறுதியில் டோக்கியோவில் தாத்தார் முஸ்லிம் அகதிகள் பலர் இருந்தார்கள். ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்கள். 1938-இல் திறக்கப்பட்ட டோக்கியோ பள்ளிவாசலில் இமாமாக இருந்த அப்துர்ரஷீத் இப்ராஹிம் எண்பது வயதைத் தாண்டியவர். அவரிடம்தான் இஸுட்ஸு முதலில் அரபுப் பாடம் கேட்டார். பெரியவர் ஒருநாள், நான் சொல்லித்தர இனி ஒன்றுமில்லை, ஒரு பேரறிஞர் வந்திருக்கிறார், அவரிடம் போ என்று கைகாட்டினார். அந்தப் பேரறிஞர் மூஸா ஜாருல்லாஹ் பிகியேவ்.

பிகியேவிடம் பணம் இல்லை. ஒரு வீட்டில் அறை வாடகைக்கு எடுக்க முடியாமல், படுக்கை மடித்து வைக்கும் சுவரலமாரியின் மேல்தட்டை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். மாணவன் வந்தால் அலமாரிக் கதவு நகரும், உள்ளிருந்து ஆசிரியர் இறங்கி வருவார். பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. எட்டாம் நூற்றாண்டில் ஸீபவைஹி எழுதிய பெரும் அரபு இலக்கண நூலை உரையோடு சேர்த்து மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே நடத்துவார். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளியிலும் மதரஸாவிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். டோக்கியோவில், ஓர் அலமாரியில் அப்படி ஒருவர் இருந்தார்.

ஒருமுறை இஸுட்ஸு காய்ச்சலில் படுத்திருந்தபோது பிகியேவ் பார்க்க வந்தார். அறை முழுக்கப் புத்தகம். வீடு மாறும்போது இதையெல்லாம் என்ன செய்வாய் என்று கேட்டார். மூட்டை கட்டித் தூக்கிப் போவேன் என்றார் மாணவர். பெரியவர் சிரித்தார். வீட்டை முதுகில் சுமக்கிற நத்தையா நீ, வெறுங்கையோடு எந்த ஊரில் இறங்கினாலும் அங்கேயே படிப்பைத் தொடங்க முடிந்தால்தான் அறிஞன் என்றார். இந்த நிகழ்ச்சியை இஸுட்ஸு ஐம்பது ஆண்டு கழித்து, எழுத்தாளர் ரியோத்தாரோ ஷிபாவோடு நடத்திய உரையாடலில் நினைவுகூர்ந்தார். அது அச்சில் வந்தது 1993 ஜனவரி இதழில். அந்த மாதம் ஏழாம் தேதி காமகுராவில் இஸுட்ஸு காலமானார்.

இந்த இளமைக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் வாசித்த இஸ்லாமிய நூல்களில் பெரும்பகுதி, ஆசியா முழுவதும் ஜப்பானின் தலைமையில் எழ வேண்டும் என்று முழங்கிய ஷூமெய் ஒகாவா திரட்டிய தொகுப்பிலிருந்து கிடைத்தது. பேரரசு தன் படைகள் போகும் நாடுகளைப் புரிந்துகொள்ள வாங்கிக் குவித்த நூல்கள் அவை. ஒகாவா போருக்குப் பின் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் முதல்நிலைக் குற்றம் சாட்டப்பட்டு, மனநிலை சரியில்லை என்று விடுவிக்கப்பட்டவர். அலமாரியில் கிடந்த அகதியின் நினைவாற்றலும் பேரரசின் பணமும் இஸுட்ஸுவின் படிப்பில் சேர்ந்தே கலந்திருக்கின்றன. அவர் போர் முழக்கம் செய்தவரல்லர். ஆனால் தன் கையில் வந்த நூல்கள் எந்த வழியாக வந்தன என்பதைப் பற்றி அவர் இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

1957, 58-இல் அவருடைய குர்ஆன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மறைநூல் என்றால் பழைய நடையில் இறுக்கமாக இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை விட்டு, வாயிலிருந்து வரும் பேச்சின் ஓசையில் அதைப் பெயர்த்தார். மொழிபெயர்ப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அருகிலேயே பிறந்த இரண்டு ஆங்கில நூல்கள். குர்ஆனின் அறச்சொற்களைப் பற்றிய நூல் 1959-இல் வந்தது. குர்ஆனில் இறைவனும் மனிதனும் என்ற நூல் 1964-இல். முஸ்லிமாக மாறாத ஒருவர் எழுதிய இந்த நூல்களை முஸ்லிம் உலகின் பல்கலைக்கழகங்கள் இன்றைக்கும் பாடமாக வைத்திருக்கின்றன.

அவருடைய முறையை ஒரு சொல்லை வைத்துச் சொன்னால் விளங்கும். 'குஃப்ர்' என்ற சொல்லை நாம் இறைமறுப்பு என்று பெயர்க்கிறோம். காஃபிர் என்றால் மறுப்பவன். இஸுட்ஸு அகராதியோடு நிற்கவில்லை. அந்தச் சொல் குர்ஆனில் எந்தெந்தச் சொற்களோடு பக்கத்தில் வருகிறது, எதற்கு எதிராக நிறுத்தப்படுகிறது, எந்த இடத்தில் எதற்குப் பதிலாக வருகிறது என்று வசனம் வசனமாகப் பார்த்தார். மனிதனுக்கு ஊரும் உறவும் இருப்பதுபோலச் சொல்லுக்கும் சுற்றம் உண்டு. சுற்றத்தைப் பார்த்தால்தான் சொல்லின் குணம் தெரியும். குஃப்ரின் வேரில் இருப்பது மூடுதல், மறைத்தல் என்ற பொருள். ஒருவர் செய்த உதவியை மூடி மறைப்பவன் நன்றி கெட்டவன். குர்ஆனில் அதன் முதல் எதிர்ச்சொல் 'ஷுக்ர்', நன்றி. மழையும் கால்நடையும் விளைச்சலும் கொடை. கொடையைக் கண்டவனுக்கு இரண்டே வழி, நன்றி பாராட்டுவது அல்லது மூடி மறைப்பது. இந்த நன்றிகேடுதான் மெல்ல நகர்ந்து, 'ஈமான்' என்ற நம்பிக்கைக்கு எதிரான சொல்லாக நிலைபெறுகிறது என்று காட்டினார். செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரமாக வைத்துப் படித்த மொழியில் பிறந்தவருக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது! சண்டைச் சொல்லாக மட்டுமே காதில் விழுந்த ஒன்றுக்குள் நன்றி என்ற ஈரமான சொல் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

இன்னொரு சொல் எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. என் சின்ன வயதில் எங்கள் தெருமுனைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் பயான் என்ற சமயச் சொற்பொழிவு கேட்கும். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் 'அறியாமைக் காலம்'. நபிகளுக்கு முந்திய அரபு நாட்டை, 'ஜாஹிலிய்யா'வை, தமிழில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த மக்களுக்கு எழுத்தறிவில்லை போலும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டு கழித்து இஸுட்ஸுவைப் படித்தபோது அந்தத் தொடர் எனக்குள் உடைந்து மறுபடி கூடியது. அவர் சொல்வது இது: 'ஜஹ்ல்' என்பதன் பழைய எதிர்ச்சொல் அறிவு அல்ல, 'ஹில்ம்'. ஹில்ம் என்றால் அடிக்கக் கையோங்கும் வலிமை இருந்தும் அடங்கியிருப்பவனின் பொறுமை. ஜஹ்ல் என்றால் சட்டென்று பற்றிக்கொள்ளும் சினம், குலப்பெருமைக்கு ஒரு சொல் குறைந்தாலும் வாளுருவும் மூர்க்கம். ஹங்கேரிய அறிஞர் கோல்ட்சியர் முன்பே இதைச் சொல்லியிருந்தார். இஸுட்ஸு அதைக் குர்ஆனின் முழுச் சொல்வலைக்குள் வைத்து நிறுவினார். வள்ளுவர் பொறையுடைமை என்றும் வெகுளாமை என்றும் வைத்த இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில்தான் ஹில்ம் உட்கார்ந்திருக்கிறது. அறியாமைக் காலம் என்பதைவிட வெகுளிக் காலம் என்பது ஜாஹிலிய்யாவுக்குப் பொருத்தமான பெயராக இருந்திருக்கும்.

அதோடு அவர் நிற்கவில்லை. பொறுமை என்பது தன் ஆற்றலின்மேல் நம்பிக்கையுள்ளவனின் குணம். எல்லா ஆற்றலும் இறைவனுடையது என்று ஆனபின், இறைவன் முன்னால் மனிதன் பொறுமைசாலியாக நிற்க முடியாது, பணியத்தான் முடியும். ஆகவே மனிதனும் இறைவனும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் ஹில்ம் விலகிக்கொள்ள, அங்கே 'இஸ்லாம்' என்ற சொல், ஒப்படைப்பு, வந்து அமர்கிறது என்கிறார். ஒரு சமயம் பிறப்பதை ஒரு சொல் இடம்பெயர்வதாகக் காட்டிய இந்தப் பக்கங்களுக்கு இணையாக நான் அதிகம் படித்ததில்லை.

இப்படிச் சொற்களில் தோய்ந்த பிறகுதான் அவர் ஒப்பீட்டுக்கு வந்தார். 1966, 67-இல் வெளியாகி, பின்னர் 1983-இல் திருத்திய பதிப்பாக வந்த 'சூஃபியமும் தாவோயியமும்' நூலின் அமைப்பே அவர் மனத்தைச் சொல்லிவிடுகிறது. முதல் பகுதி முழுக்க இப்னு அரபி. 1165-இல் ஸ்பெயினின் முர்சியாவில் பிறந்து 1240-இல் டமாஸ்கஸில் மறைந்த அந்த ஞானியின் 'ஃபுஸூஸுல் ஹிகம்' நூலைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறார். அதில் லாவோ ட்சு தலைகாட்டுவதில்லை. இரண்டாம் பகுதி முழுக்க லாவோ ட்சுவும் சுவாங் ட்சுவும். அதில் இப்னு அரபி இல்லை. ஒப்பீடு வருவது மூன்றாம் பகுதியில். அது மிகச் சிறியது. நானூறு பக்கத்துக்கு மேல் இருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, இருபது முப்பது பக்கத்தில் பேச்சை முடிக்கிறார். இந்த விகிதத்தைத்தான் ஒப்பாய்வு செய்ய வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு பகுதிகளிலும் கனவும் நனவும் பற்றி ஓர் அதிகாரம் இருக்கிறது. நாம் விழித்திருப்பதாக நினைக்கும் உலகம் ஒரு கனவு. கனவு என்பதால் பொய்யல்ல, பொருள் சொல்லப்பட வேண்டிய ஒன்று என்பது இப்னு அரபியின் நிலை. வண்ணத்துப்பூச்சியாகக் கனவு கண்டு எழுந்த சுவாங் ட்சுவுக்கு வேறு சிக்கல்: எது எது என்ற எல்லைக்கோடே கலைந்துபோகிறது. முதலாமவருக்குக் கனவை அனுப்பியவன் ஒருவன் உண்டு. இரண்டாமவருக்கு அப்படி யாரும் வேண்டியதில்லை. இஸுட்ஸு இந்த வேற்றுமையை மழுப்பவில்லை. வரலாற்றில் ஒருவரையொருவர் அறியாத இந்த இருவரும், ஆழத்தில் ஒரேவிதமான கட்டுமானத்தில் சிந்திக்கிறார்கள் என்பதே அவர் வாதம். பேதமற்ற ஒன்று படிப்படியாகத் தன்னை விரித்துக்கொள்கிறது. தன்னை முழுதும் ஒழித்த மனிதன் அந்தப் படிகளில் திரும்பி ஏறுகிறான். பிரெஞ்சு அறிஞர் ஹென்றி கோர்பன் சொன்ன, வரலாற்றுக்கு அப்பாலான உரையாடல் என்ற தொடரை அவர் விரும்பி எடுத்தாண்டார். 'வஹ்தத்துல் வுஜூத்' என்ற இருப்பின் ஒருமை தக்கலை பீர்முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தானும் பாடிய மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அதைத் தாவோவோடு எதிரில் உட்காரவைத்தவர் இவர்தான்.

இதற்கிடையில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கிருந்து அதன் தெஹ்ரான் கிளை. தெஹ்ரானில் மெஹ்தி மொஹக்கெக்குடன் சேர்ந்து, 19-ஆம் நூற்றாண்டு ஈரானிய மெய்யியலாளர் ஸப்ஸவாரியின் நூலொன்றை 1969-இல் பதிப்பித்தார். ஸப்ஸவாரிக்கும் அவருக்கு முந்திய முல்லா ஸத்ராவுக்கும் இருப்பே முதன்மை. அதை விளக்க இஸுட்ஸு ஓர் எடுத்துக்காட்டைப் பயன்படுத்தினார். பூ இருக்கிறது என்கிறோம். இதில் பூ எழுவாய், இருத்தல் அதன்மேல் ஏறிய பயனிலை. இலக்கணம் அப்படிச் சொல்கிறது. ஞானியின் கண்ணுக்கு இது தலைகீழ். உண்மையில் எழுவாய் இருப்புதான். அது இங்கே பூவாக ஆகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல அவர் பாடுபட வேண்டியிருந்தது. பூ என்ற பெயரை வளைத்து வினையாக்கினார். தமிழில் அந்தப் பாடே இல்லை. பூ நமக்குப் பெயரும்தான், வினையும்தான். இருப்பு பூக்கிறது. இரண்டே சொல்லில் முல்லா ஸத்ரா நம் வாசலுக்கு வந்துவிடுகிறார். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று மாலை கொல்லைப்புறத்து நந்தியாவட்டையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் வைக்கத்தக்க குறைகள் உண்டு. அவருடைய இஸ்லாம் பெரும்பாலும் நூல்களின் இஸ்லாம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவர்களும், தர்காவில் விளக்கேற்றும் பெண்களும், வழக்கைத் தீர்க்கும் காஜியும் அதில் ஏறக்குறைய இல்லை. இப்னு அரபி ஷரீஅத்தை விட்டுக்கொடுக்காதவர், ஹஜ் பயணத்தையே தன் பெருநூலின் தொடக்கமாகக் கண்டவர். இஸுட்ஸுவின் கையில் அவர் தூய மெய்யியலாளராக இளைத்துப் போகிறார். வரலாற்றைத் தாண்டி உரையாட வைப்பதில் வரலாறு நசுங்கும் அபாயமும் இருக்கிறது. இந்தக் குறைகளை ஒத்துக்கொண்டபின்பும் சொல்கிறேன்: ஒப்பிடுகிற இருவரில் எவரையும் மற்றவரின் நிழலாக்காத நேர்மை அவரிடம் இருந்தது. அதுவே அரிது.

ஸ்விட்சர்லாந்தின் அஸ்கோனாவில் ஏரிக்கரையில் நடக்கும் எரானோஸ் கூட்டங்களில் 1967 முதல் 1982 வரை பன்னிரண்டு முறை உரையாற்றினார். யுங்கும் எலியாதேவும் ஷோலமும் பேசிய மேடை அது. அங்கே அவர் பெரும்பாலும் பேசியது ஜென், தாவோ, கன்ஃபூசிய மரபு பற்றி. அந்நியர் முன்னால்தான் அவர் தன் வீட்டுச் சரக்கை அவிழ்த்தார். 1975 முதல் தெஹ்ரானில் செய்யித் ஹுசைன் நஸ்ர் நடத்திய மெய்யியல் கழகத்தில் பேராசிரியர். 1979 தொடக்கத்தில் புரட்சி உச்சத்தை எட்டியது. ஜப்பானியரை மீட்க வந்த விமானத்தில் நாடு திரும்பினார். பிகியேவின் நத்தைப் பேச்சு அந்த விமானத்தில் அவர் நினைவுக்கு வந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

திரும்பி வந்தவருக்கு வயது அறுபத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. இனித் தாய்மொழியிலேயே எழுதுவது என்று முடிவெடுத்தார். அதில் விளைந்த பெருங்கனி 1983-இல் வந்த 'உணர்வும் சாரமும்'. கிரேக்கத்துக்குக் கிழக்கே விரிந்த சிந்தனைகளையெல்லாம், யூத மறைஞானம், இஸ்லாம், வேதாந்தம், பௌத்தம், கன்ஃபூசியம் என்று, காலவரிசையைக் கழற்றிவிட்டு ஒரே வெளியில் எதிரெதிரே நிறுத்த முயன்றார். பொருள்களுக்குச் சாரம் உண்டா, அல்லது பெயர் வைப்பதால்தான் அப்படித் தோன்றுகிறதா என்ற ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்டார். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா, தன் மையச் சொல்லை ஜப்பானிய மொழியில் எப்படிப் பெயர்ப்பது என்பது பற்றி ஒரு ஜப்பானிய நண்பருக்கு எழுதிய கடிதம் பின்னாளில் புகழ்பெற்றது. அந்த நண்பர் இஸுட்ஸு. ஒரு சொல்லை என்ன செய்வது என்று குழம்புகிறவர் யாரிடம் போக வேண்டும் என்பது தெரிதாவுக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய கடைசி நூல் 1993-இல், அவர் போனபின், வந்தது. கீழை மெய்யியல் பற்றித் தொடர்ந்து எழுத நினைத்த குறிப்புகளின் தொடக்கம் அது. எடுத்துக்கொண்டது மஹாயானத்தில் நம்பிக்கை விழித்தெழுவதைப் பற்றிய ஒரு பழைய பௌத்த நூல். சிறியது, கடினமானது. அதன் அச்சாணியான கருத்து 'ஒரு மனம்'. ஒன்று என்பதற்கு ஒரு கோடு, மனம் என்பதற்கு நான்கு கோடு. சிறு வயதில் தந்தை தாளில் எழுதி வைத்து, பிறகு அழிக்கச் சொன்ன அதே எழுத்து.